முதலில் பழைய கெர்னலில் பூட் செய்து பாருங்கள்

லினக்ஸ் போட்ட மடிக்கணினியில் அப்டேட் முடிந்த மறுநாள் வைஃபை தடுமாறத் தொடங்கினால், அடுத்து நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. இணையத்தில் தேடுகிறோம், நான்கைந்து கட்டளைகள் கிடைக்கின்றன, ஒவ்வொன்றாக டெர்மினலில் ஒட்டுகிறோம். பவர் சேவிங்கை நிறுத்து என்கிறது ஒன்று. ஐபிவி6-ஐ அணைத்துவிடு என்கிறது இன்னொன்று. இருக்கிற டிரைவரை நீக்கிவிட்டு கிட்ஹப்பிலிருந்து வேறொன்றைப் போடு என்கிறது மூன்றாவது. இரண்டு மணி நேரம் கழித்து வைஃபை சரியாகியிருந்தால், எதனால் சரியானது என்று தெரியாது. சரியாகாமல் போனால் முதலில் இருந்த கோளாறோடு நாமே செய்த மாற்றங்களும் சேர்ந்து கிடக்கும். கடைசியில் யாராவது ஒருவர் "பேசாம ஃபார்மேட் பண்ணிடு" என்பார். இந்தப் பதிவில் நான் வாதாடப் போவது ஒரே ஒரு விஷயத்துக்காக: எந்தக் கட்டளையையும் தொடுவதற்கு முன், லினக்ஸின் மையநிரலான கெர்னலின் பழைய பதிப்பில் ஒரு தடவை பூட் செய்து பாருங்கள். சில நிமிட வேலை. எதையும் அழிக்காது, எதையும் மாற்றாது. அதிலிருந்து கிடைக்கும் பதிலை வேறெந்தக் கட்டளையும் அவ்வளவு சீக்கிரம் தருவதில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 ஏறாத, ஆனால் இன்னும் நன்றாக ஓடுகிற மடிக்கணினிகள் வீட்டுக்கு வீடு இருக்கின்றன. அவற்றில் லினக்ஸ் மின்ட்டோ உபுண்டுவோ போடலாமா என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். மலேசியாவின் சுபாங் ஜெயாவில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் பொருத்தம். சன்வே, மோனாஷ், டெய்லர்ஸ் பல்கலைக்கழகங்களுக்குப் போய்வரும் மாணவர்கள் எஸ்எஸ்15-இலும் அக்கம்பக்கத்திலும் அறை எடுத்துத் தங்குகிறார்கள். ரூட்டர் கீழே வரவேற்பறையில் இருக்கும், கணினி மாடியறையில் இருக்கும். கேபிள் இழுக்க வீட்டுக்காரர் விடமாட்டார். அப்படிப்பட்ட அறையில் வைஃபை போனால் கணினியே போன மாதிரிதான். முதல் மாதத்திலேயே ஓர் அப்டேட் அதைக் கெடுத்துவிட்டால், அந்த மாணவர் லினக்ஸ் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டார்.

அப்டேட் வைஃபையைக் கெடுக்குமா என்றால், கெடுக்கும். அதற்கு மறுக்கமுடியாத சான்று 2023 டிசம்பரில் கிடைத்தது. அந்த மாதம் 8ஆம் தேதி வெள்ளிக்கிழமை கெர்னலின் 6.6.5, 6.1.66 பதிப்புகள் வந்தன. புதிய தொடருக்காக எழுதப்பட்ட ஒரு வைஃபை திருத்தத்தை இந்தப் பழைய தொடர்களுக்கும் எடுத்துவந்து சேர்த்திருந்தார்கள். ஒரே தரவை இரண்டு வேலைகள் ஒரே சமயத்தில் தொட்டுவிடாமல் இருக்கக் கெர்னலுக்குள் பூட்டு முறை உண்டு. 6.7 தொடரில் வைஃபை பகுதியின் பூட்டு முறையே மாற்றி எழுதப்பட்டிருந்தது. அந்தச் சூழலை நம்பி எழுதிய திருத்தம் பழைய தொடருக்குள் வந்தபோது, பூட்டு கிடைக்காமல் வேலைகள் காத்துக்கொண்டே நின்றன. வெளியில் தெரிந்த அறிகுறிகள் வினோதமாக இருந்தன. வைஃபை அறுந்தது மட்டுமல்ல. வலைப்பின்னல் தொடர்பான கட்டளைகள் பதில் சொல்லாமல் தொங்கின, கணினியை அணைக்கச் சொன்னால் அணையவில்லை. டெபியன் 12.4 டிசம்பர் 10ஆம் தேதி இந்த 6.1.66-உடன் வெளியானது. மறுநாளே, 11ஆம் தேதி, அந்தத் திருத்தத்தைத் திரும்பப் பெற்று 6.6.6, 6.1.67 பதிப்புகள் வந்துவிட்டன. டெபியனும் அடுத்தடுத்த நாட்களில் புதிய கெர்னலைக் கொடுத்தது.

இந்தக் கதையில் நாம் கவனிக்க வேண்டியது கணக்கு. வெள்ளியன்று வந்த பிழை திங்களன்று நீங்கியது. இடையில் மாட்டிக்கொண்ட ஒருவர் மூன்று விதமாக நடந்திருக்கலாம். இணையத்தில் கிடைத்த கட்டளைகளை எல்லாம் ஒட்டியிருந்தால் ஒன்றுமே பலித்திருக்காது. ஏனென்றால் பிழை அமைப்புகளில் இல்லை, கெர்னலின் உள்ளே இருந்தது. ஃபார்மேட் செய்து டெபியன் 12.4-ஐப் புதிதாகப் போட்டிருந்தால் அதே 6.1.66 திரும்ப வந்து உட்கார்ந்திருக்கும். கோப்புகளும் போய், பிழையும் மிஞ்சியிருக்கும். பூட் பட்டியலில் இருந்த பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தவருக்கு மட்டும் அன்றைக்கே வேலை ஓடியிருக்கும், குற்றவாளி யார் என்பதும் தெரிந்திருக்கும்.

செய்முறை எளிது. உபுண்டு, மின்ட், டெபியன் மூன்றுமே புதிய கெர்னலைப் போடும்போது முந்தையதை அழிப்பதில்லை. குறைந்தது ஒன்றையாவது பக்கத்திலேயே வைத்திருக்கின்றன. கணினியை இயக்கும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தால், அல்லது புதிய கணினிகளில் எஸ்கேப் விசையைத் தட்டினால், கிரப் என்ற பூட் பட்டியல் வரும். அதில் இரண்டாவது வரியாக இருக்கும் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்பதற்குள் போனால் கெர்னல்கள் எண் வரிசையில் நிற்கும். மேலே இருப்பது புதியது. ஒவ்வொன்றுக்கும் ஜோடியாக 'ரெக்கவரி மோட்' என்று ஒரு வரி இருக்கும். அதைத் தொட வேண்டாம். முந்தைய எண்ணைத் தேர்ந்து எண்டர் தட்டினால் போதும். பிறகு வழக்கமாக எவ்வளவு நேரத்தில் வைஃபை அறுந்ததோ அவ்வளவு நேரத்துக்குக் கூடுதலாகவே வேலை செய்து பாருங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அறுந்தது அரை நாள் அறுந்துபோகவில்லை என்றால் பதில் கிடைத்துவிட்டது. நாளைக்கு ஒரு முறை அறுகிற கோளாறுக்கு அரை நாள் சோதனை போதாது, பொறுமை வேண்டும்.

பதில் 'பழையதில் சரியாக ஓடுகிறது' என்றால் சந்தேகம் கெர்னலோடு சுருங்குகிறது. அங்கே ஒரு நுணுக்கம் உண்டு. இன்டெல் கார்டுகளின் ஃபெர்ம்வேர் கோப்புகளுக்குப் பெயரின் முடிவில் ஓர் எண் இருக்கும். டிரைவர் தனக்குத் தெரிந்தவற்றுள் மிகப் பெரிய எண்ணை எடுத்துக் கார்டில் ஏற்றும். புதிய கெர்னலின் டிரைவருக்குத் தெரிந்த உச்ச எண் பெரியது, பழையதற்குச் சிறியது. ஆகவே பழைய கெர்னலுக்குப் போகும்போது டிரைவரோடு ஃபெர்ம்வேரும் பின்னால் போகலாம். கோளாறு இரண்டில் எதில் என்பதை அடுத்த கட்டத்தில் பிரித்துப் பார்க்க வேண்டும்; பயனருக்கு அப்போதைக்கு அந்த வித்தியாசம் அவசியமில்லை. பதில் 'பழையதிலும் அறுகிறது' என்று வந்தால், அதுவும் பெரிய லாபம். கெர்னலைச் சந்தேகிப்பதை நிறுத்தலாம். அன்றைக்கு வேறென்ன மாறியது என்பதை, தொகுப்புகளை நிறுவும் ஏபிடி தன் ஹிஸ்டரி கோப்பில் தேதி, நேரத்தோடு எழுதி வைத்திருக்கிறது. வைஃபை கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் டபிள்யூபிஏ சப்ளிகன்ட், இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க் மேனேஜர், ஃபெர்ம்வேர் தொகுப்பு, மறைகுறியாக்கத்தைக் கவனிக்கும் ஓபன்எஸ்எஸ்எல் என்று அந்தப் பட்டியலில் இருப்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

அப்படிக் கெர்னலுக்கு வெளியே இருந்து வந்த ஒரு கோளாறு, மாணவர்கள் நிறைந்த ஊருக்கு நேரடியாகப் பொருந்துவது. 2022 ஏப்ரலில் உபுண்டு 22.04 வந்தபோது அதில் ஓபன்எஸ்எஸ்எல் 3 இருந்தது. பாதுகாப்பற்றது என்று கருதப்பட்ட ஒரு பழைய பேச்சுவார்த்தை முறையை அது இயல்பாகவே மறுத்தது. பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் பயன்படுத்தும், பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிற வைஃபை முறையின் பின்னால் ஒரு சர்வர் இருக்கும். அது புதுப்பிக்கப்படாத பழைய சர்வராக இருந்தால், 22.04 போட்ட கணினி அதோடு பேச மறுத்தது. பல்கலைக்கழகங்களின் பொது வைஃபையான எடுரோம் பயன்படுத்துகிறவர்கள் உலகம் முழுக்க இதில் மாட்டினார்கள். வீட்டு வைஃபை ஒரு குறையும் இல்லாமல் ஓடும், வளாகத்துக்குள் போனால் மட்டும் இணைப்பு விழும். டிரைவரை மாற்றினாலும் கார்டை மாற்றினாலும் இது தீராது. பிறகு உபுண்டுவே டபிள்யூபிஏ சப்ளிகன்ட் தொகுப்பில் அந்தப் பழைய முறையை அனுமதித்து ஒரு திருத்தம் வெளியிட்டது. ஒரே கணினி வீட்டில் ஓடி வளாகத்தில் மட்டும் தோற்றால், வானொலி அலையையும் கார்டையும் விட்டுவிட்டு அடையாளச் சரிபார்ப்பின் பக்கம் திரும்புங்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் அப்டேட்தான் காரணம் என்ற அனுமானத்தில். அந்த அனுமானத்தையே சோதிக்க வேண்டும். அப்டேட்டுக்குப் பிறகு நடந்தது எல்லாம் அப்டேட்டால் நடந்தது ஆகிவிடாது. வாரக்கணக்கில் மூடித் திறந்து மட்டும் பயன்படுத்திய மடிக்கணினி அப்டேட்டுக்காகத்தான் முழுதாக மறுதொடக்கம் ஆகியிருக்கும். மறுதொடக்கத்தில் கார்டு புதிதாகத் தேடிப்பிடிக்கிறது. இன்று பல ரூட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்திருப்பதால், நேற்று வரை 5-இல் இருந்த கணினி இன்று 2.4-இல் போய் ஒட்டிக்கொள்ளக்கூடும். 1976இல் சீஃபீல்டு தோட்ட நிலத்தில் எழத் தொடங்கிய சுபாங் ஜெயாவின் பெரும்பகுதி சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகள். மீதி அடுக்குமாடி. இரு பக்கமும் பின்னாலும் உள்ள எல்லா வீட்டு ரூட்டர்களும் 2.4-இல் ஒலிக்கின்றன, ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் அங்கே 1, 6, 11 என்று மூன்றே மூன்று. அந்த நெரிசலில் வேகம் சரிந்தால் கெர்னலை நோகக் கூடாது.

ரூட்டரும் தன் பங்குக்கு மாறிக்கொண்டிருக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை இடி மழைக்கு மின்சாரம் ஒரு கண் சிமிட்டிவிட்டு வந்தால் ரூட்டர் புதிதாகக் கிளம்பி, தானாகவே வேறு சேனலைத் தேர்ந்தெடுக்கக்கூடும். 5 கிகாஹெர்ட்ஸில் சில சேனல்கள் ரேடார்களோடு பகிர்ந்துகொள்ளப்படுபவை. அவற்றில் ஒலிபரப்புமுன் ரூட்டர் குறைந்தது 60 விநாடி காதுகொடுத்துக் கேட்க வேண்டும். ரேடார் சமிக்ஞை மாதிரி ஏதாவது தென்பட்டால் 10 விநாடிக்குள் அந்தச் சேனலை விட்டு விலக வேண்டும். அடுத்த 30 நிமிடம் அங்கே திரும்பக் கூடாது. இது சர்வதேச அளவில் பின்பற்றப்படும் விதி. வைஃபை திடீரென ஒரு நிமிடம் காணாமல் போய்த் திரும்பினால், கைப்பேசியிலும் அதே நேரத்தில் போகிறதா என்று பாருங்கள். போனால் உங்கள் கணினிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அப்டேட்டின் குற்றத்தையும் ரூட்டரின் குற்றத்தையும் பிரிக்க எளிய வழி கைப்பேசி ஹாட்ஸ்பாட். புதிய கெர்னலில் ரூட்டரோடு, புதிய கெர்னலில் ஹாட்ஸ்பாட்டோடு, பழைய கெர்னலில் ரூட்டரோடு, பழைய கெர்னலில் ஹாட்ஸ்பாட்டோடு என்று நான்கு சேர்க்கைகள் கிடைக்கும். புதிய கெர்னல் இரண்டு இடத்திலும் அறுந்து பழையது இரண்டிலும் நின்றால், அப்டேட்டின் மேல் குற்றம் கிட்டத்தட்ட நிரூபணம். எந்தக் கெர்னலிலும் ரூட்டரோடு மட்டும் அறுந்தால், ஏணியை எடுத்துக்கொண்டு ரூட்டர் பக்கம் போங்கள். புதிய கெர்னல் குறிப்பிட்ட ரூட்டரோடு மட்டும் சண்டை போடுகிறது என்றால், அது டிரைவருக்கும் அந்த ரூட்டரின் ஏதோ ஒரு வசதிக்கும் இடையிலான ஒத்துப்போகாமை. பிழை அறிக்கையில் மிகவும் மதிப்புள்ள தகவல் அது. விண்டோஸையும் லினக்ஸையும் ஒரே கணினியில் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதி கணினியை முழுதாக அணைப்பதில்லை. கார்டை அரைத்தூக்கத்தில் விட்டுவிட்டுப் போகும். அடுத்து வரும் லினக்ஸ் அதை எழுப்ப முடியாமல் தவிக்கலாம். சோதனைக்கு முன் அதை நிறுத்திவிடுங்கள்.

இனி, எல்லோரும் முதலில் சொல்லும் பவர் சேவிங் வைத்தியத்துக்கு வருகிறேன். உபுண்டுவில் நெட்வொர்க் மேனேஜரின் ஓர் அமைப்புக் கோப்பில் வைஃபை பவர்சேவ் என்ற வரி 3 என்று இருக்கும். அதை 2 ஆக்கினால் மின்சேமிப்பு நின்றுவிடும். பலருக்கு இது பலிக்கிறது என்பது உண்மை. ஏன் பலிக்கிறது என்று தெரிந்துகொண்டால்தான் அதன் எல்லையும் தெரியும். ரூட்டர் ஏறத்தாழ விநாடிக்குப் பத்து முறை, சரியாகச் சொன்னால் பெரும்பாலும் 102.4 மில்லிவிநாடிக்கு ஒரு முறை, 'நான் இருக்கிறேன், இன்னின்னாருக்குத் தரவு காத்திருக்கிறது' என்று பீக்கன் அனுப்புகிறது. மின்சேமிப்பில் உள்ள கார்டு இடையில் உறங்கி, பீக்கன் வரும் கணத்துக்கு விழித்து, தனக்கு எதுவும் உண்டா என்று பார்த்துவிட்டு மறுபடி உறங்குகிறது. டிரைவரிலோ ஃபெர்ம்வேரிலோ நேரக்கணக்கு சற்றுப் பிசகினால் கார்டு தாமதமாக விழிக்கும், பீக்கனைத் தவறவிடும். தொடர்ந்து பல தவறினால் ரூட்டரே போய்விட்டது என்று முடிவுகட்டி இணைப்பைத் தானே துண்டித்துக்கொள்ளும். உறக்கத்தையே தடை செய்தால் இந்தப் பிசகு வெளியே தெரியாது. அதாவது இந்த வைத்தியம் நோயை ஆற்றுவதில்லை. டிரைவரின் மின்சேமிப்புப் பகுதியில் பிழை இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கிறது. பேட்டரியில் ஓடும் கணினியில் அதற்கு விலையும் உண்டு. பழைய கெர்னலில் மின்சேமிப்போடேயே நன்றாக ஓடியது என்றால், புதியதில் அதை நிரந்தரமாக நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பது ஒரு பிழையை யாருக்கும் சொல்லாமல் வீட்டுக்குள் வைத்துக்கொள்வதுதான்.

துண்டித்தது யார் என்பதைக் கணினியே எழுதி வைக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ஜர்னல்சிடிஎல் என்ற கட்டளை, இந்தத் தடவை பூட் ஆனதிலிருந்து நடந்ததை மட்டுமல்லாமல் முந்தைய பூட்டில் நடந்ததையும் காட்டும். அதில் டபிள்யூபிஏ சப்ளிகன்ட் எழுதிய வரிகளில் 'டிஸ்கனெக்டட்' என்ற சொல்லைத் தேடுங்கள். அந்த வரியில் 'ரீசன்' என்று ஓர் எண் இருக்கும். அதற்குப் பின்னால் 'லோக்கலி ஜெனரேட்டட் = 1' என்று இருந்தால், இணைப்பை அறுத்தது உங்கள் கணினி. அது இல்லாவிட்டால் அறுத்தது ரூட்டர். மேலே சொன்ன பீக்கன் தவறும் கோளாறில் ரீசன் 4 என்றும் லோக்கலி ஜெனரேட்டட் என்றும் சேர்ந்து வருவது வழக்கம். ரீசன் 15 என்றால் கடவுச்சொல் சாவிகளைப் பரிமாறிக்கொள்ளும் கட்டத்தில் நேரம் கடந்துவிட்டது. இன்டெல் கார்டாக இருந்து, அதே நிமிடத்தில் கெர்னல் 'மைக்ரோகோட் எஸ்டபிள்யூ எரர்' என்று எழுதியிருந்தால் கார்டுக்குள் ஓடும் ஃபெர்ம்வேரே விழுந்துவிட்டது என்று பொருள். இந்த வரிகள் கைவசம் இருக்கும்போது ஐந்து கட்டளைகளை இருட்டில் முயன்று பார்ப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. ஃபார்மேட் செய்தால் முதலில் போவது இந்த வரிகள்தான்.

பழைய கெர்னல் சோதனை பளிச்சென்று விடைசொல்லும் இன்னொரு ரகம், கெர்னலுக்கு வெளியே இருந்து போட்ட டிரைவர்கள். மலிவான மடிக்கணினிகளில் நிறைய வந்த ரியல்டெக் ஆர்டிஎல்8821சிஇ சிப்பை எடுத்துக்கொள்வோம். ஆரம்பத்தில் அதற்குக் கெர்னலில் டிரைவர் கிடையாது. கிட்ஹப்பிலிருந்து எடுத்து டிகேஎம்எஸ் மூலம் போட வேண்டியிருந்தது. 2020இல் வந்த 5.9 கெர்னலில் ஆர்டிடபிள்யூ88 டிரைவர் அதைக் கவனிக்க ஆரம்பித்தது. ஆனால் பழைய வழிகாட்டிக் குறிப்புகள் இணையத்தில் அப்படியே இருக்கின்றன. அவற்றைப் பார்த்து வெளி டிரைவரைப் போட்டவர்களுக்கு ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டும் ஒரு கண்டம். டிகேஎம்எஸ் புதிய கெர்னலுக்கு அதை மறுபடி கட்டியெழுப்ப முயலும், கெர்னலின் உள் அமைப்பு மாறியிருந்தால் தோற்கும். செக்யூர் பூட் இயங்கும் கணினியில் கட்டினாலும் கையொப்பம் இல்லையென்று கெர்னல் ஏற்க மறுக்கலாம். இங்கே வைஃபை தடுமாறாது, ஒரேயடியாகக் காணாமல் போகும். பழைய கெர்னலில் திரும்பி வந்துவிடும். ஷாப்பியிலும் லசாடாவிலும் இருபது முப்பது ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் யூஎஸ்பி வைஃபைகளில் பலவற்றுக்கும் இந்த நிலைதான். என் கருத்தில், கெர்னலுக்குள்ளேயே டிரைவர் உள்ள ஒரு சிப்புக்கு வெளி டிரைவர் போடுவது தவிர்க்க வேண்டிய வேலை. உள்ளே இருக்கும் டிரைவர் கொஞ்சம் மெதுவாக இருந்தாலும், கெர்னல் மாறும்போது அதைச் சேர்த்து மாற்ற அங்கே ஆள் இருக்கிறது.

இதற்கெல்லாம் வரும் முதல் மறுப்பு எனக்குத் தெரியும்: சாதாரணப் பயனர் எதற்காக இந்தத் துப்பறியும் வேலையைச் செய்ய வேண்டும், விண்டோஸில் இந்தத் தொல்லை உண்டா? உண்டு. டெபியனில் வைஃபை விழுந்த அதே 2023 டிசம்பரில் விண்டோஸ் 11-இன் ஓர் அப்டேட் சில வைஃபை கார்டுகளைச் சில வலைகளோடு இணைய விடாமல் செய்தது. நிறுவன, கல்வி, பொது வைஃபைகளில் இது அதிகம் தெரிந்தது. பல்கலைக்கழகங்களிலிருந்து புகார்கள் வந்தன. மைக்ரோசாஃப்ட் அந்த மாற்றத்தைத் தொலைவிலிருந்தே பின்வாங்கிச் சரிசெய்தது. பின்வாங்குவது அங்கேயும் மருந்து, இங்கேயும் மருந்து. அங்கே அந்தப் பொத்தான் நிறுவனத்தின் கையில் இருக்கிறது, இங்கே கிரப் பட்டியலில் நம் கையில் இருக்கிறது. லினக்ஸ் பயனர் அதிகம் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த 'அதிகம்' என்பது ஒரு விசையை அழுத்திப் பிடிப்பதும் ஒரு வரியைத் தேர்வதும்தான்.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது: அப்படியானால் அப்டேட்டே போடாமல், ஓடுகிற பழைய கெர்னலிலேயே இருந்துவிடலாமே? இதை ஏற்க முடியாது. 2022 அக்டோபரில் கெர்னலின் வைஃபை பகுதியிலேயே ஐந்து பாதுகாப்பு ஓட்டைகள் வெளிவந்தன. டார்ம்ஷ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஸோன்கே ஹூஸ்டர் கண்டுபிடித்தவை. அவற்றில் சிலவற்றைத் தூண்ட, எந்த வலையிலும் நீங்கள் இணைந்திருக்கவே வேண்டாம். கணினி அக்கம்பக்கத்து வைஃபைகளைத் தேடிக்கொண்டிருந்தாலே போதும், வேண்டுமென்றே கெடுத்து எழுதிய ஒரு பீக்கன் அதைத் தாக்கிவிடும். கடைத்தெருவிலும் கல்லூரி நூலகத்திலும் திறக்கப்படும் மடிக்கணினிக்கு இது வெறும் ஏட்டு ஆபத்து இல்லை. 2023 டிசம்பர் கதையிலும் ஓர் எச்சரிக்கை ஒளிந்திருக்கிறது. 6.1.66-க்கு முன்னால் டெபியன் தயாரித்து வைத்திருந்த 6.1.64-இல் இஎக்ஸ்டி4 கோப்புமுறையின் தரவைச் சிதைக்கக்கூடிய பிழை இருந்தது. அதனால்தான் 12.3 வெளியீடே நிறுத்தப்பட்டு நேராக 12.4 வந்தது. வைஃபைக்காக ஒரு படி பின்னால் போய் 6.1.64-இலேயே தங்கியவர் கோப்புகளைப் பணயம் வைத்திருப்பார். அவர் இன்னும் ஒரு படி பின்னால் 6.1.55-க்குப் போயிருக்க வேண்டும். ஆகவே பழைய கெர்னல் சோதிப்பதற்கும் சில நாள் சமாளிப்பதற்கும் மட்டும். எந்த எண்ணில் நிற்கிறோம், அதில் தெரிந்த பிழை ஏதும் உண்டா என்று பார்த்துவிட்டு நில்லுங்கள். திருத்தம் வந்ததும் முன்னே வந்துவிடுங்கள்.

காசு கொடுத்தே தீர்த்துவிடலாமே என்பவர்களுக்கும் நியாயம் இருக்கிறது. ரூட்டருக்குப் பக்கத்தில் அசையாமல் இருக்கும் கணினிக்கு ஒரு லேன் கேபிள் வைஃபையைவிட எப்போதும் மேல். கார்டை மாற்றுவதும் நல்ல யோசனைதான். ஆனால் ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 போன்ற இன்டெல் கார்டுகள் அதற்கேற்ற இன்டெல் செயலி உள்ள கணினியில் மட்டுமே ஓடும். ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 தனித்து நிற்பவை. சில பழைய மடிக்கணினிகளின் பயாஸ் தன் பட்டியலில் இல்லாத கார்டைக் கண்டால் பூட் ஆகவே மறுக்கும். கடைக்குப் போகுமுன் இவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். கோளாறு கார்டில் இல்லாமல் சேனல் நெரிசலில் இருந்தால் புதிய கார்டும் அதே நெரிசலில்தான் போய் நிற்கும் என்பதால், இங்கேயும் நான்கு சேர்க்கைச் சோதனை முந்திக்கொள்ள வேண்டும்.

2023இல் மூன்றே நாளில் பிழை நீங்கியதற்கு, மாட்டிக்கொண்டவர்கள் எந்தக் கெர்னலில் ஓடியது, எந்தக் கெர்னலில் விழுந்தது என்று உடனே எழுதி அனுப்பியதும் முக்கியக் காரணம். ஓடிய எண், விழுந்த எண் இரண்டும் கிடைத்தால், இடையிலுள்ள மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துச் சோதிக்கலாம். ஆயிரம் மாற்றங்கள் இருந்தாலும் பத்துச் சோதனையில் ஒன்றில் வந்து நிற்கும். நம் ஊரில் புழங்கும் மலிவு மாடல்களையும் நம் வீட்டு ரூட்டர்களையும் டிரைவர் எழுதுகிறவர்கள் மேசையில் வைத்துப் பார்த்திருக்க வாய்ப்புக் குறைவு. நாம் சொல்லாவிட்டால் அவர்களுக்குத் தெரியாது. நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் லினக்ஸ் போட்டுக் கொடுக்கிறவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: அடுத்த தடவை ஒருவர் வைஃபை போய்விட்டது என்று கணினியோடு வந்தால், ஃபார்மேட் செய்யுமுன் பழைய கெர்னலில் பூட் செய்து பாருங்கள், பதிவை ஒரு கோப்பில் சேமியுங்கள், உபுண்டு என்றால் லாஞ்ச்பேடிலும் டெபியன் என்றால் அதன் பிழைப் பதிவகத்திலும் எழுதுங்கள். மின்ட்டின் கெர்னல் உபுண்டுவிடமிருந்து வருவது, ஆகவே அதற்கும் லாஞ்ச்பேட்தான் இடம். ஆங்கிலம் சரளமாக வராதே என்று தயங்க வேண்டாம். அங்கே கேட்பது சிப்பின் எண், ஓடிய கெர்னலின் எண், விழுந்த கெர்னலின் எண், அறுந்த நிமிடத்துப் பதிவு வரிகள், அவ்வளவுதான்.